அதிபாரம்: மாணவர் சுமையும் நம் முதல் விரதமும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்தை மேற்கொண்டவர், உயிரைப் போக்காமலேயே அதற்கு ஊறு செய்துவிடக்கூடிய இடங்கள் ஐந்து உண்டு என நம் ஆசாரியர்கள் எண்ணிக் காட்டியுள்ளனர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவ்வைந்து அதிசாரங்கள். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றைக் கூறுகிறார். சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரத்திலும், அதனை ஒட்டித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இவை பேசப்படுகின்றன.

இவற்றுள் நான்காவது அதிபாராரோபணம், அதாவது மிகுசுமை ஏற்றுதல். இதனை விளக்கும்போது நம் இல்லங்களில் பெரியோர் வண்டி மாட்டையே எடுத்துக்காட்டுவர். உழவைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த நம் மரபினர்க்கு அவ்வெடுத்துக்காட்டு எளிதில் விளங்கிற்று. எத்தனை மூட்டை ஏற்றலாம், எந்த மேட்டில் இறங்கி நடக்கவேண்டும், எந்த வெயிலில் நுகத்தை அவிழ்க்கவேண்டும் என்பனவெல்லாம் அவர்களுக்கு விரதத்தோடு சேர்ந்த அறிவு.

இன்று நம் வீடுகளில் வண்டி மாடுகள் அருகிவிட்டன. ஆயினும் சுமை ஏற்றப்படும் உயிர்கள் அருகிவிடவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பப்பட்டு, தனிப்பயிற்சி, பள்ளி, மாலைச் சிறப்பு வகுப்பு, மீண்டும் தனிப்பயிற்சி எனச் சுழன்று, இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தின்மீதே தலைசாய்க்கும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். இச்சுமையும் அதிபாரத்துள் அடங்குமா? அடங்குமாயின் அதனை ஏற்றியவர் யாவர்? அதனைக் குறைத்துக்கொள்ள மாணவர் தம் காலத்தை எவ்வாறு ஆளவேண்டும்? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

கள்ளக்குறிச்சி தந்த பாடம்

கள்ளக்குறிச்சி நமக்கு அயலான ஊரன்று. 2019 நவம்பரில் அது விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பாறையில் பார்சுவநாதர் எழுந்தருளியிருக்கும் திருநறுங்கொண்டைத் தலம் இன்று அம்மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ளது. அப்பாண்டைநாதரை வணங்கச் செல்லும் நம் குடும்பங்கள், தம் பிள்ளைகளின் தேர்வுக்காகவும் அங்கு வேண்டிக்கொண்டு திரும்புவது வழக்கம்.

இம்மாவட்டத்தில், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், 2022 ஜூலை மாதம் தனியார் பள்ளியொன்றின் விடுதியில் தங்கிப் பயின்ற 12-ஆம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். அவ்விறப்பின் காரணம் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உரியது. அதுபற்றி நாம் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஜூலை 17-ஆம் நாள் அங்குத் திரண்ட கூட்டத்தினர் பள்ளிப் பேருந்துகளுக்குத் தீயிட்டனர். வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. அங்குப் பயின்ற மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீயில் எரிந்தன. ஒரு பிள்ளையை இழந்த துயரம் பல பிள்ளைகளின் கல்விக்குத் தடையாய் முடிந்தது. நம் பிள்ளையின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை நாம் அறிவோமா என்ற அச்சம் அந்நாள்களில் தமிழகத்துப் பெற்றோர் பலரையும் பற்றிக்கொண்டது.

அவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். தேர்வில் தோல்வியுற்றதே காரணம் எனப் பதிவான இறப்புகள் அவ்வாண்டில் 2,248. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் இக்கணக்கை எடுத்துக்காட்டி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற உளநல ஆலோசகரை அமர்த்தவேண்டும் என்றும், மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்தலும் பலர் முன் இழிவுபடுத்தலும் கூடா என்றும் நெறிமுறைகள் வகுத்தது. பலர் முன் இழிவுபடுத்தாதிருத்தலை நீதிமன்றம் கட்டளையிட்டுக் கூறவேண்டிய நிலை வந்ததே, கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட நம்மைச் சிந்திக்கச் செய்யவேண்டும்.

மலைமேல் உள்ள சுமை

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து சென்றால் சாலை கல்வராயன் மலைமீது ஏறி வெள்ளிமலையை அடைகிறது. சாமையும் மரவள்ளியும் பயிரிட்டும், கடுக்காயும் புளியும் சேகரித்தும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் அங்கு உள்ளனர். சமவெளியில் கல்வியின் சுமையைக் கண்ட நாம், அதே மாவட்டத்தின் இம்மலையில் அச்சுமையின் மற்றொரு வடிவத்தைக் காணவேண்டும்.

இம்மலைப்பகுதி 1976 வரையில் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அவர்தம் நிலத்தில் கூலியின்றி உழைத்துக் கொடுக்கும் கடப்பாடு மலைமக்களுக்கு இருந்தது. நாடு 1947-இல் விடுதலை பெற்றும், தம் பகற்பொழுதின்மீது தமக்கே உரிமையில்லாத வாழ்க்கை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்குத் தொடர்ந்தது. ஒருவருடைய காலத்தை அவர் விருப்பமின்றிப் பிறர் எடுத்துக்கொள்ளுதல் எத்தகைய துன்பம் என்பதை அம்மலையில் மூத்தோர் பட்டறிந்துள்ளனர்.

இன்று அங்கு உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. பயிலும் பிள்ளைகளும் பெருகியுள்ளனர். ஆயினும் சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கு நடக்கும் நேரம், ஆடு மாடுகளைப் பார்க்கும் நேரம், பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் சென்றிருக்கும் மாதங்களில் தம்பி தங்கையரைப் பேணும் நேரம் ஆகியவை படிக்கும் பொழுதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை அரசு ஏற்பதாக அறிவித்தது. செலவை அரசு ஏற்கலாம். அப்பிள்ளைகள் துக்கத்தோடு புத்தகத்தைத் திறக்கும் பொழுதை யார் ஏற்பது?

'எல்லார்க்கும் ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரந்தான்; முறையாகப் பயன்படுத்துபவர் வெல்வர்' என மேடைகளில் அடிக்கடி கூறக் கேட்கிறோம். இது பாதி உண்மை. மணிக்கணக்கு ஒன்றாயினும், அம்மணிகளில் தமக்கென எஞ்சுவது எல்லார்க்கும் ஒன்றாய் இருப்பதில்லை. மலைப்பிள்ளைக்கு வழியும் வறுமையும் காலத்தை எடுத்துக்கொள்கின்றன. நகரத்துப் பிள்ளைக்குப் பெற்றோரின் ஆசையும் பயிற்சி நிலையங்களும் எடுத்துக்கொள்கின்றன. ஒருவர் மற்றவரைக் காட்டிச் சோம்பேறி என இகழ்தல் தகாது.

சுமை என்பது யாது?

மாணவர் சுமை புதிதாய் எழுந்த பேச்சன்று. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-இல் தம் முதல் உரையையே பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றி அமைத்தார். பிள்ளைகள் குழந்தைப் பருவத்தையே இழந்து வருகின்றனர் என்பது அவர் முறையீடு. அதன் பயனாய் அமைந்த யஷ்பால் குழு 1993-இல் 'சுமையில்லாக் கல்வி' பற்றித் தன் அறிக்கையை அளித்தது. தோளில் தொங்கும் பையினும், விளங்காமல் மனத்தில் ஏறும் பாடமே பெருஞ்சுமை என்பது அக்குழு கண்ட உண்மை.

இது கூர்ந்து நோக்கத்தக்கது. விளங்கிய பாடம் எவ்வளவு பெரிதாயினும் உயிரோடு கலந்துவிடுகிறது, அது கனப்பதில்லை. விளங்காத பாடம் ஒரு பக்கமேயாயினும் கல்லாய் அழுத்துகிறது. ஆகவே இத்தனை மணி படித்தான் என்னும் கணக்கு மட்டும் சுமையையும் காட்டாது, கல்வியையும் காட்டாது.

தமிழக அரசு 2017-இல் தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைக் கைவிட்டது. 2017-18-ஆம் கல்வியாண்டில் 11-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததனால் பிள்ளைகள் மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதவேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபின், 2025-26 முதல் அத்தேர்வு நீக்கப்பட்டது. இவை நல்ல மாறுதல்களே. ஆயினும் அரசு ஒரு மூட்டையை இறக்கிவைத்த இடத்தில், நீட் பயிற்சி என்றும் ஜே.இ.இ. பயிற்சி என்றும் நாமே இரண்டு மூட்டைகளை ஏற்றிவைக்கிறோம். பட்டியல் வெளியாகாவிடினும், உறவினர் வீட்டுத் திருமணத்தில் 'உன் மதிப்பெண் எவ்வளவு?' என்ற கேள்வியால் நாமே ஒரு பட்டியலை உருவாக்கிவிடுகிறோம்.

அன்பினால் ஏற்றிய சுமையும் அதிபாரமாகுமா?

'பிள்ளையின் நன்மைக்காகத்தானே செய்கிறோம். மாட்டின்மீது மூட்டை ஏற்றுவதும் இதுவும் ஒன்றா?' என்று பெற்றோர் கேட்கலாம். கேள்வி நேர்மையானது, விடையும் நேர்மையாய் இருத்தல்வேண்டும்.

இம்சையை விளக்கும் சூத்திரம், பிரமாதத்தோடு கூடிய செயலால் பிராணன்களுக்கு ஊறு விளைவித்தல் என்கிறது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. பிராணன்களாவன ஐம்பொறிகள், மனவலிமை, வாக்குவலிமை, உடல்வலிமை, மூச்சு, ஆயுள் எனப் பத்து. மனவலிமையும் பத்துப் பிராணன்களுள் ஒன்று என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். எறும்பை மிதியாமல் பார்த்து நடக்கும் நாம், 'நீ எதற்கும் உதவமாட்டாய்' என்ற ஒரு சொல்லால் பதினாறு வயதுப் பிள்ளையின் மனவலிமையை மிதித்துவிடுகிறோம். நோக்கம் அன்பாயினும் விழிப்பில்லையெனில் குற்றம் நீங்காது. மாட்டுக்காரனும் மாட்டை வெறுத்துச் சுமை ஏற்றவில்லை. சந்தைக்கு விரைந்தான், அவ்வளவே. மேலும், மாடு தாங்காதபோது நின்றுவிடும், அல்லது படுத்துவிடும். பிள்ளையோ பெற்றோர் முகம் வாடுமே என எண்ணி, தாங்காதபோதும் இழுத்துச் செல்லும். ஆதலின் பிள்ளையிடத்தில் நமக்கு இருமடங்கு விழிப்பு வேண்டும்.

'தவம் என்பதும் துன்பந்தானே? துன்பமின்றிக் கல்வி ஏது?' என மற்றொரு கேள்வி எழும். உண்மையே, முயற்சியின்றிக் கல்வி இல்லை. ஆனால் தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமான பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்தில், தியாகத்திற்கும் தவத்திற்கும் 'சக்திக்கேற்ப' என்ற அடைமொழியை ஆசாரியர் சேர்த்தே கூறினார். தீர்த்தங்கரராகப் போகும் உயிருக்கே சக்தியளவு பேசப்படுமாயின், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு அது பேசப்படவேண்டாவா?

முனிவர் பொறுக்கும் இருபத்திரண்டு பரீஷகங்களுள் அஞ்ஞான பரீஷகம் என்பது ஒன்று. நெடுநாள் முயன்றும் அறிவு கைகூடவில்லையே, பிறர் இகழ்கின்றனரே என்னும் மனவருத்தத்தைத் தளராது பொறுத்தலே அது. தேர்வில் தவறிய மாணவரின் வருத்தத்தை நம் நூல்கள் எவ்வளவு நுட்பமாய் அறிந்திருந்தன! அவ்வருத்தத்தைத் தாமாக ஏற்றுப் பொறுப்பவர்க்கே அது தவம். பிறர்க்குப் பரீஷகத்தை உண்டாக்கும் உரிமையை எந்த நூலும் எவர்க்கும் வழங்கவில்லை.

மன உளைச்சலின் வேர்

இன்று மன அழுத்தம், மன உளைச்சல் என வழங்குவதனை நம் மரபு ஆர்த்தத் தியானத்துள் வைத்து ஆராய்ந்தது. தியானம் என்றதும் நற்றியானத்தையே எண்ணுகிறோம். துயரத்தில் ஊன்றிய சிந்தையும் தியானமே. ஆயின் அது வினையைப் பெருக்கும் தியானம். அது நால்வகைப்படும். விரும்பாதது வந்து சேர்ந்ததே எனத் தவித்தல் ஒன்று. பிடிக்காத பாடப்பிரிவில் சேர்க்கப்பட்ட மாணவர் நிலை இது. விரும்பியது பிரிந்ததே என வருந்துதல் இரண்டாவது. விடுதியில் விடப்பட்ட பிள்ளையின் நிலை இது. உடல் நோவையே எண்ணி நைதல் மூன்றாவது. நான்காவது நிதானம். பேச்சு வழக்கில் நாம் கூறும் பொறுமை என்னும் பொருளில் அன்று. இனிவரும் பயனையே எண்ணி ஏங்குதல் என்னும் பொருளில். 'இத்தனை மதிப்பெண் வரவேண்டுமே, இந்தக் கல்லூரி கிடைக்கவேண்டுமே' என்னும் ஏக்கம் இவ்வகையைச் சார்ந்தது.

படிக்கும் நேரத்தில் பாதியை நிதானம் தின்றுவிடுகிறது. புத்தகம் முன்னே விரிந்திருக்கும். சிந்தை தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நிற்கும். ஒரு மணி நேரம் அமர்ந்து எழுந்தபின் பக்கம் நகர்ந்திராது. களைப்பு மட்டும் மிஞ்சும். காலம் போதவில்லை எனக் கூறும் மாணவர் பலர்க்கு உண்மையில் போதாதது கவனமே. திருநறுங்கொண்டையில் நாம் வேண்டிக்கொள்வதும் மதிப்பெண்ணுக்கான ஏக்கமாய் முடிந்துவிடாமல், கலங்காத மனத்திற்கான வேண்டுதலாய் அமைதல் நலம். ஆர்த்தம் முற்றினால் ரௌத்திரமாகும். கனியாமூரில் எரிந்த பேருந்துகள் அதற்குச் சான்று.

இங்கு மற்றோர் ஆறுதலும் உண்டு. உயிரின் இயல்பு எல்லையற்ற ஞானம். அதனை மூடியுள்ளது ஞானாவரணீய வினை. மதிப்பெண் அவ்வுறையின் ஒரு சிறு பகுதியை ஒருநாள் பார்த்துச் சொல்லும் கணக்கு; உயிரின் தரத்தை அளக்கும் கோல் அன்று. அவ்வினை கட்டுப்படும் காரணங்களுள் அறிவை மறைத்தலும், அறிவுடையாரிடம் பொறாமை கொள்ளுதலும், பிறர் கற்பதற்கு இடையூறு செய்தலும் கூறப்பட்டுள்ளன. தான் எழுதிய குறிப்பேட்டை அடுத்த மாணவருக்குக் காட்டாமல் ஒளிப்பவர் தம் அறிவின்மீதே உறையிடுகிறார். 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்' எனப் பொறாமையை ஊட்டும் பெற்றோர் அதற்குத் துணை செய்கின்றனர்.

முகூர்த்தக் கணக்கு

இனி மாணவர் காலத்தை ஆளும் முறைக்கு வருவோம். நம் சாமாயிகம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் கொண்டது. இது ஒரு முகூர்த்தம். சிறந்த உடற்கட்டு உடையவர்க்கும் ஒரே பொருளில் சிந்தை ஊன்றி நிற்பது ஒரு முகூர்த்தத்திற்கு உட்பட்ட காலமே எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுகிறது. பெருந்தவத்தோர்க்கே இவ்வெல்லை உண்டெனில், மூன்று மணி நேரம் அசையாமல் படி எனப் பிள்ளைக்குக் கட்டளையிடுவது பொருந்தாது. ஒரு முகூர்த்தம் படித்து எழுந்து, சிறிது நடந்து, நீர் அருந்தி, மீண்டும் அமர்வதே இயல்புக்கு ஒத்தது.

ஒரு நாளில் 30 முகூர்த்தங்கள் உள்ளன. வளரும் பருவத்தார் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்கவேண்டும் என மருத்துவ அறிஞர் கூறுவர். ஆகவே குறைந்தது 10 முகூர்த்தங்களை உறக்கத்திற்கு ஒதுக்குக. பள்ளிக்கும் போக்குவரவுக்கும் 10. நீராடல், உணவு, வழிபாடு, வீட்டு வேலை ஆகியவற்றிற்கு 5. வீட்டில் படிப்பதற்கு 4. இது மூன்று மணி 12 நிமிடம் ஆகும். எஞ்சிய ஒரு முகூர்த்தத்தை விளையாட்டுக்கோ வெறுமனே இருப்பதற்கோ விடுக. அதனையும் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், எடுத்துக்கொள்ளற்க. வண்டியில் இடம் இருப்பதனாலேயே மூட்டை ஏற்றவேண்டும் என்பதில்லை. வழிநடை மிகுந்த மலைப்பிள்ளைக்கு இக்கணக்கு மாறும். உறக்கத்தின் பங்கு மட்டும் மாறலாகாது.

படிக்கும் முகூர்த்தத்திற்குக் காவலாகத் தேச விரதத்தைக் கொள்ளலாம். குறித்த காலம்வரை குறித்த எல்லையைக் கடப்பதில்லை என்று இல்லறத்தார் ஏற்கும் விரதம் அது. 'இந்த ஒரு முகூர்த்தம் கைபேசி இவ்வறைக்குள் வாராது' என உறுதி ஏற்பது அதன் ஒரு பயிற்சியே. வாழ்நாள் முழுமைக்கும் எனச் சூளுரைத்தால் மறுநாளே உடையும். 48 நிமிடத்திற்கு எனில் எவர்க்கும் இயலும்.

சூரியன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கமும் மாணவர்க்குத் துணையே. அது நாளுக்கு ஓர் எல்லையை வகுக்கிறது. மாலைச் சிறப்பு வகுப்பால் இது தடைப்படும் இடத்தில், பிற்பகல் உணவைக் கூடுதலாகக் கொடுத்தனுப்புதலும், ஆசிரியரிடம் பணிவாய்க் கேட்டு இடைவேளை பெறுதலும் இயலாதன அல்ல. இரவில் பிரதிக்கிரமணம் செய்வோர் அன்றைய படிப்பையும் அதனுள் சேர்த்துக்கொள்ளலாம். செய்தது இது, விட்டது இது, நாளை செய்வது இது என எண்ணி முடித்தபின் உறங்கவேண்டும். பிழையை நினைந்து மீள்வதே பிரதிக்கிரமணம். பிழையிலேயே படுத்திருப்பது ஆர்த்தம். தேர்வறைக்குள் நுழையுமுன் பஞ்ச நமஸ்காரத்தை ஒன்பது முறை, இருபத்தேழு மூச்சில், நம் முறைப்படி ஓதி நிற்பின் படபடப்பு அடங்கக் காணலாம்.

பவணந்தியார் காட்டும் வழி

நம் பவணந்தி முனிவர் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்பித்தலையும் கற்றலையும் பற்றிய ஒரு முழுச் சாத்திரம். ஆசிரியர் காலத்தையும் இடத்தையும் நோக்கவேண்டும். விரைதலும் வெகுளலும் இன்றி முகமலர்ச்சியோடு, மாணவர் எவ்வாறு ஏற்பார் என்பதை அறிந்து கற்பிக்கவேண்டும் என்கிறார் அவர். விரையாமையையும் வெகுளாமையையும் ஆசிரியர் இலக்கணமாக அவர் வைத்தது, அவ்விரண்டும் மாணவர்மேல் சுமையாய் இறங்கும் என்பதனாலன்றோ?

கற்றலில் ஆசிரியர் உரையை நன்கு கேட்பதனால் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதனால் காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கு என அவர் பகுத்துக் காட்டுகிறார். இன்றைய பிள்ளை, பள்ளியில் கேட்ட அதே பாடத்தை மாலையில் வேறொருவரிடமும் இரவில் காணொளியிலும் கேட்கிறது. மூன்றுமுறை கேட்டும் காற்பங்கே நிறைகிறது. உடன்பயிலும் நண்பரோடு உரையாடவோ தம்பிக்கு எடுத்துச் சொல்லவோ பொழுதில்லை. தனிப்பயிற்சிகளுள் ஒன்றைக் குறைத்து, அந்நேரத்தில் இரு மாணவர் ஒருவர்க்கொருவர் பாடம் சொல்லட்டும். முக்காற்பங்கு அங்கே கிடைக்கும், நட்பும் தழைக்கும், தனிமையில் நைதலும் குறையும். பெற்றோர் வெளியூர் சென்றிருக்க, தம்பி தங்கையரைப் பேணும் மலைப்பிள்ளை, அவர்க்குப் பாடம் சொல்லும் பொழுதில் அவ்வரைப்பங்கையே பெறுகிறது.

நம் கடமை

ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் நம் சமூகத்தில் பலர். ஓய்வு பெற்றோரும் பலர். அவர்கள் விடுமுறையில் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், இயன்றால் கல்வராயன் மலைப் பள்ளி விடுதிகளில் உள்ள பிள்ளைகளுக்கும், விளங்காத பாடங்களை விளக்கினால் அது சாத்திர தானமாகும். நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய அபய தானத்தையும் இங்கு நினைத்தல் தகும். அஞ்சிய உயிருக்கு அச்சம் நீக்குதல் அபயம். மதிப்பெண் குறைந்து வீடு திரும்பும் பிள்ளைக்குக் கதவைத் திறந்து, முதலில் உணவளித்து, பிறகு பேசுவது அபய தானமே.

பெற்றோர் இரவில் ஒருமுறையேனும், மதிப்பெண்ணைப் பற்றி வினவாமல் பிள்ளையோடு அமர்ந்திருத்தல் வேண்டும். உறக்கம் குறைதல், உணவை மறுத்தல், நண்பரை விலக்குதல், வாழ்வில் பற்றில்லை என்பதுபோலப் பேசுதல் ஆகியன கண்டால், அதனைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தள்ளிவிடலாகாது. உடல்நோய்க்கு மருத்துவரை நாடுதல் போலவே மனநோவுக்கும் நாடவேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் உளநல ஆலோசனை பெறலாம். 104 என்னும் எண்ணும் உதவும். மாணவரே நேரில் பேசலாம். அதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். நீங்கள் ஏற்ற சுமையுள் நீங்களே ஏற்றிக்கொண்டதும் உண்டு. ஒத்திவைத்த பாடமும், கைபேசியில் கழிந்த மாலையும், பிறரோடு ஒப்பிட்டு வருந்திய இரவும் நுமக்கு நீரே ஏற்றியவை. அவற்றை இறக்கிவைக்கும் ஆற்றலும் நும்மிடமே உண்டு. பிறர் ஏற்றியது தாங்கவில்லையெனில் வாய்திறந்து கூறுங்கள். தாங்கவில்லை எனக் கூறுவது தோல்வியன்று. அதனைக் கேட்டுச் சுமையைக் குறைப்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் விரதம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இப்பொழுது தெளிவு. சக்திக்கு மீறி, விருப்பம் அறியாது, விழிப்பின்றி ஏற்றப்படும் கல்விச்சுமை அதிபாரமே. அதனை ஏற்றுவது அன்புடைய கையாயினும் முதல் விரதத்திற்கு அது குறையே. வரும் தேர்வுக் காலத்திற்கு முன் ஒவ்வோர் இல்லத்திலும் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாய் அமர்ந்து, அந்நாளின் முப்பது முகூர்த்தங்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போமாக. எந்த மூட்டையை இறக்கலாம் என்பது அத்தாளிலேயே தெரியும்.

வளர்க கல்வி! வெல்க கொல்லாமை!